எழுந்து நிற்கும் நீர்

(பொகவந்தலாவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நீரூற்றுப் பூங்காக்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மன்னர்களும் பெருஞ்செல்வர்களும் தங்கள் மகிழ்ச்சிக்காகக் கட்டிய பூங்காக்கள் அவை. தேயிலை மலையில் உழைக்கிறவர்கள் நடுவே நின்று அரண்மனைப் பூங்காவைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். பேசத்தான் வேண்டும். அந்தப் பூங்காக்களைக் கட்டியது யாருடைய பணமாகவும் இருக்கட்டும். அவற்றை இயக்குகிற அறிவு மலையில் வேலை செய்கிறவனின் அறிவு. சரிவைக் காலால் அளந்தவளின் அறிவு. அது நம்முடைய அறிவு. இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் உங்களை இத்தாலிக்கு அழைத்துப் போகிறேன்.

ரோமாபுரிக்குக் கிழக்கே தீவொலி என்று ஒரு மலைநகரம் இருக்கிறது. 1550ஆம் ஆண்டில் அந்த ஊருக்கு ஆளுநராக வந்தவர் இப்பொலிட்டோ டெஸ்டே என்ற கர்தினால். போப்பாண்டவர் பதவிக்கு ஆசைப்பட்டு அது கிட்டாமற் போனவர். பெரும் பணம் படைத்தவர். நகரத்து மேட்டில் அவருக்கு ஒரு மாளிகை. மாளிகையின் கீழே செங்குத்தான சரிவு. அந்தச் சரிவை அடுக்கடுக்காக வெட்டிப் பூங்காவாக்கும் பொறுப்பைப் பிர்ரோ லிகோரியோ என்ற கட்டடக் கலைஞரிடம் ஒப்படைத்தார். அங்கே ஏற்கெனவே வீடுகள் இருந்தன. அவை இடிக்கப்பட்டன, வீடிழந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். அதையும் சொல்லாமல் அந்தப் பூங்காவின் அழகை மட்டும் சொன்னால் பாதிக் கதையைச் சொன்னதாகிவிடும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? அனியேனே என்ற ஆற்றிலிருந்து வந்தது. நகரத்தின் அடியே சுரங்கம் குடைந்து ஆற்றைப் பூங்காவின் உச்சிக்குக் கொண்டுவந்தார்கள். உச்சிக்கு வந்த நீரை விதவிதமாக இறக்கினார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட ஊற்றுகள். நடைபாதை நெடுக வரிசையாகப் பீய்ச்சும் 'நூறு நீரூற்றுகள்'. அங்கே இன்னோர் ஊற்று இசைக்கருவியே வாசிக்கும்: விழுகிற தண்ணீர் காற்றை அழுத்தும், அழுந்திய காற்று குழல்களுக்குள் புகுந்து பாடும். வில்லா டெஸ்டே என்று பெயர் பெற்ற அந்த இடத்தை யுனெஸ்கோ 2001ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

பம்பு இருந்ததா? இல்லை. எஞ்சின் இருந்ததா? இல்லை. மின்சாரம் இருந்ததா? உலகத்தில் எங்குமே இல்லை. பிறகு எப்படித் தண்ணீர் எழுந்து நின்றது?

உயரத்தில் இருக்கும் நீரை மூடிய குழாய்க்குள் இறக்கிக் கீழே சின்னத் துவாரத்தின் வழியாக விட்டால், தான் இறங்கிவந்த உயரத்தை நோக்கி அது மறுபடியும் எழப் பார்க்கும். பத்து மீற்றர் உயர நீர், நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்று மண்டலம் அழுத்துகிற அளவுக்குச் சமமான அழுத்தத்தைத் தரும். அவ்வளவுதான் இரகசியம். மேட்டில் நீர் வேண்டும். கீழே பள்ளம் வேண்டும். நடுவில் கசிவில்லாத வழி வேண்டும். முதல் இரண்டையும் இயற்கை தரும். மூன்றாவதை மனிதனின் கைதான் தர வேண்டும்.

மேட்டில் நீர், கீழே பள்ளம். இந்த இரண்டும் இத்தாலியில் மட்டும்தானா இருக்கின்றன? இந்த மண்டபத்துக்கு வெளியே போய் நின்று பாருங்கள்!

ஆனால் அதற்கு முன்னால் இன்னோர் இடத்துக்குப் போய்வர வேண்டும். இத்தாலிக்குப் போக நம்மால் முடியாது. ஒரு வேனுக்குக் காசு சேர்ப்பதே நமக்குப் பெரும்பாடு. அந்தப் பெரும்பாடு பட்டு நண்பர்கள் சிலராகச் சேர்ந்து, மார்கழி மாதத்தில் சிகிரியாவுக்குப் போனோம். எல்லோரும் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவர் ஆசிரியர். ஒருவர் தேயிலை ஃபெக்டரியில் எஞ்சின் பார்த்தவர். ஒருவர் மழைநீர்க் கான் வெட்டியே காலத்தைக் கழித்தவர்.

நோர்வூட், ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி, மாத்தளை என்று வேன் இறங்கியது. மாத்தளையைத் தாண்டியதும் ஆசிரியர் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஏன் என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் பாதை எது? மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர் காட்டு வழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்த பாதை. கோப்பிக் காலத்தில் கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியாகி, புதைக்கவும் ஆளில்லாமல் விழுந்து கிடந்தவர்களின் பாதை. நம்மவர் இங்கே வந்த இருநூறாவது ஆண்டின் நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்தார்களே, அதே பாதை.

அந்த முன்னோர் சிகிரியாவுக்கு அருகேதான் நடந்து போனார்கள். அப்போது சிகிரியாவின் நீரூற்றுப் பூங்கா எங்கே இருந்தது? காட்டுக்குள் புதைந்து கிடந்தது. 1831இல் மேஜர் ஃபோர்ப்ஸ் என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரி சிகிரியாப் பாறையைப் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். தொல்லியலாளர் பெல் அங்கே வேலையைத் தொடங்கியது 1890களில். நம் முன்னோர் தாகத்தோடு நடந்த வழிக்குப் பக்கத்திலே, ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமையான நீரூற்றுகள் மண்ணுக்கடியில் கிடந்திருக்கின்றன. இதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அந்தப் பூங்காவின் கதை என்ன?

தாதுசேனன் என்று ஓர் அரசன். கலா வாவியைக் கட்டியவன். அந்த வாவியிலிருந்து அனுராதபுரத்துக்கு ஏறத்தாழ 87 கிலோமீற்றர் நீளத்துக்கு ஜய கங்கை என்ற கால்வாய் ஓடுகிறது. அதன் முதல் பதினேழு மைல்களில், மைலுக்கு ஆறு அங்குலம் மட்டுமே சரிவு! கருவிகள் பெருகிவிட்ட இந்தக் காலத்திலும் பொறியியலாளர்கள் வியக்கிற கணக்கு அது. அந்தத் தாதுசேனனை அவன் மகன் காசியப்பனே சிறைப்பிடித்தான். ஒளித்து வைத்த செல்வம் எங்கே என்று கேட்டான். கிழவர் கலா வாவிக்கு அழைத்துப் போகச் சொல்லி, நீரில் இறங்கிக் குளித்து, கையால் அள்ளிக் காட்டி, தன்னிடம் உள்ள செல்வம் இதுதான் என்றார். மகனுக்கு அது விளங்கவில்லை. தந்தையைச் சுவருக்குள் வைத்துக் கட்டிக் கொன்றான். சூளவம்சம் சொல்லும் கதை இது.

இந்தக் கதையை நான் எத்தனை மேடைகளில் சொன்னாலும் அந்த இடத்தில் நின்றுவிடுவேன். தண்ணீரைக் காட்டிச் செல்வம் என்று சொன்ன அரசன்! அதைக் கேட்டும் புரிந்துகொள்ளாத மகன்!

ஆனால் பாருங்கள், அந்த மகன்தான் பிறகு நீரையே அழகாக்கினான். கி.பி. 477 முதல் 495 வரை அவன் ஆண்டான். மேற்கு ரோமப் பேரரசின் கடைசிப் பேரரசன் முடியிழந்தது 476இல். மறு ஆண்டு இங்கே காசியப்பன் அரசேறுகிறான். அங்கே ரோமாபுரியின் நீர்வழிகள் கவனிப்பாரற்றுப் போகத் தொடங்கிய காலத்தில், இங்கே சமவெளிக்கு மேல் ஏறத்தாழ 200 மீற்றர் எழுந்து நிற்கும் ஒரு பாறையின் காலடியில் நீரூற்றுகள் பீய்ச்சின. தீவொலியின் பூங்காவுக்கு ஆயிரம் ஆண்டு மூத்தது சிகிரியா.

மேற்கு வாசல் வழியாக நுழைந்தோம். முதலில் அகழி. அதைத் தாண்டினால் நேர்கோடாக ஒரு பாதை பாறையை நோக்கிப் போகிறது. பாதைக்கு இரு பக்கமும், கண்ணாடியில் பார்த்த உருவம்போல, ஒரே அளவில் குளங்கள். நடுவில் ஒரு தீவு, அதைச் சுற்றி நான்கு தடாகங்கள். வருகிறவர்களில் பெரும்பாலானோர் பாறையில் ஏறுகிற அவசரத்தில் இந்தப் பூங்காவைக் கடந்து போய்விடுகிறார்கள். சிங்கப் பாதத்தையும் சுவரோவியத்தையும் பார்த்தால் போதும் என்று நினைக்கிறார்கள். நீங்கள் போனால் அப்படிச் செய்யாதீர்கள். ஏறுவதற்கு முன் அந்தப் பூங்காவில் நேரம் செலவழியுங்கள்.

சற்று உள்ளே, ஆழமற்ற வாய்க்கால்கள் பாம்புபோல வளைந்து ஓடும் ஒரு பகுதி வருகிறது. அங்கேதான் வட்டமான சுண்ணாம்புக் கற்பலகைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. பலகையில் ஒழுங்கான துளைகள். அடியில் நீர்வழி. முந்தின இரவு நல்ல மழை பெய்திருந்தது. அந்தத் துளைகளின் வழியாகத் தண்ணீர் குமிழியிட்டு எழுந்துகொண்டிருந்தது! பதினைந்து நூற்றாண்டு. இன்னும் எழுகிறது. உயரமாகப் பீய்ச்சியதா என்றால் இல்லை. ஒரு கையளவு. ஆனால் எழுந்தது.

கான் வெட்டிய நண்பர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆசிரியரைப் பார்த்துச் சொன்னார்: "சேர், இது நம்ம பீலித் தண்ணி வர்ற மாதிரியேதான். மேல தேக்கி வச்சிருக்கான், கீழ தொறந்து விட்டிருக்கான். வாட்டம் புடிச்சவன் பெரிய ஆளு சேர்."

வாட்டம் பிடித்தவன்! நீர் ஓடும் சரிவைக் கணித்தவன்! யார் அவன்? அவன் பெயர் என்ன? அரசனின் பெயர் தெரியும். சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் பிற்காலத்தில் வந்து பாட்டெழுதிப் போனவர்களின் பெயர்கள்கூடத் தெரியும். பேராசிரியர் பரணவிதான 685 பாடல்களைப் படித்து 1956இல் அச்சிட்டார். ஓவியத்துப் பெண்களைப் பாடினார்கள், பாறையைப் பாடினார்கள். ஆனால் தரைக்கடியில் குனிந்து நீர்வழிக்கு வாட்டம் பார்த்தவனின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

அவன் செய்த வேலை எவ்வளவு நுட்பமானது என்று இங்கே யாருக்கு நான் விளக்க வேண்டும்? தேயிலை மலையில் குறுக்குக் கான் வெட்டுகிறவர்களுக்குத் தெரியும். வாட்டம் கூடினால் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகும். குறைந்தால் சேறு அடைத்துக் கான் உடையும். நூற்றிருபது அடி போனால் ஓர் அடி இறங்க வேண்டும் என்று கணக்கு வைத்து, மலையை வளைத்து வளைத்து வெட்டினார்கள் நம் பாட்டன்மார். இந்த மலைநாட்டில் நூற்றைம்பது ஆண்டாகத் தேயிலை நிற்கிறது என்றால் அந்தக் கான்களால் நிற்கிறது. அதை வெட்டியவர்களின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?

தமிழில் இப்படியான பூங்கா இருந்ததில்லையா என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். இலக்கியத்தில் இருக்கிறது. மணிமேகலையைத் திறந்து பாருங்கள். சோழ மன்னன் உலாவும் பூங்காவில் எந்திரக் கிணறு இருக்கிறது, கட்டிய குன்று இருக்கிறது, வந்து விழும் அருவி இருக்கிறது. அதே காதையில், அரசனுடைய மண்டபத்தைக் கட்டிய தொழிலாளர்களையும் சாத்தனார் ஊர்பேரோடு வரிசைப்படுத்துகிறார்: மகதத்து வினைஞர், மராட்டக் கம்மியர், அவந்திக் கொல்லர், யவனத் தச்சர். அவர்களெல்லாம் தமிழ் வினைஞரோடு கூடி வேலை செய்தார்கள். மன்னனின் மண்டபத்தைப் பாடும்போது தச்சனையும் கொல்லனையும் மறக்காத புலவன்! யவனர் என்றால் கிரேக்கரும் ரோமரும். மேற்குக் கடலின் தச்சனும் காவிரிக்கரை வினைஞனும் ஒரே இடத்தில் உளி பிடித்த காட்சி அது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நம் காலத்திலேயே, 1948இல், ஜெஃப்ரி பாவா என்ற இலங்கையர் இத்தாலியின் கார்டா ஏரிக்கரையில் ஒரு மாளிகை வாங்க ஆசைப்பட்டார். கைகூடவில்லை. நாடு திரும்பி, பெந்தோட்டைக்கு அருகே வாவிக்கரையில் ஒரு பழைய இறப்பர்த் தோட்டத்தை வாங்கினார். அதைப் பூங்காவாக மாற்றுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். அதுதான் லுணுகங்கை. அவர் பிறகு ஆசியாவின் பெரிய கட்டடக் கலைஞர்களில் ஒருவரானார். எதற்காகச் சொல்கிறேன்? இத்தாலியில் தேடிய அழகை அந்த மனிதர் இறப்பர் மரங்களுக்கு நடுவே கண்டெடுத்தார். உழைப்பு நடந்த நிலத்தில் அழகு இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

இப்போது நம் பள்ளத்தாக்குக்கு வருவோம்.

பொகவந்தலாவையைத் தேயிலையின் பொன் பள்ளத்தாக்கு என்று உலகம் சொல்கிறது. இங்கே சென் மேரிஸ் தேவாலய முற்றத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் 1879 முதல் உறங்குகிறார். அவர் கல்லறையைத் தேடி வெளிநாட்டார் வருகிறார்கள். வருகிறவர்கள் முதலில் எதைப் பார்த்து மலைக்கிறார்கள்? பச்சையையும், அதன் நடுவே வெள்ளையாக இறங்கும் நீரையும்தான்.

நம் கெசல்கமுவ ஓயாவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. ஓடிப்போய்க் காசல்ரி நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அங்கிருந்து என்ன ஆகிறது? மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் இறங்கி, 1965இல் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. அங்கே முடிந்ததா? இல்லை. நோட்டனில் தேங்கி, மறுபடியும் இறங்கி, 1950இல் திறந்த பழைய லக்ஷபான மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. பின்னர் இன்னும் கீழே போய் மீண்டும் மின்சாரம் தருகிறது. கடைசியில் களனி கங்கையாகிக் கொழும்புக்குக் குடிநீராகவும் போகிறது. இந்த மலைச்சரிவில் மின்சாரம் இருக்கிறது என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை எழுதி வாதாடினார். நாடு முப்பது ஆண்டுக்கு மேல் அவரைக் காக்க வைத்தது.

அதற்கும் முன்னமே தேயிலை ஃபெக்டரிகளில் ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கிச் சக்கரம் சுற்றினார்கள். எங்கள் வேனில் வந்த எஞ்சின்காரர் அந்தச் சக்கரத்தைத் துடைத்து எண்ணெய் போட்டு வளர்ந்தவர். சிகிரியாக் கற்பலகையைப் பார்த்ததும் அவர் கேட்ட முதற் கேள்வி, மேலே தொட்டி எவ்வளவு உயரத்தில் இருந்திருக்கும் என்பதுதான். சரியான கேள்வி. தீவொலியில் லிகோரியோவும் அதைத்தான் கேட்டிருப்பார்.

ஆக, கர்தினாலுக்கு இருந்த சரிவு நமக்கும் இருக்கிறது. காசியப்பனுக்கு இருந்த மழை நமக்கு அதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. சுரங்கம் குடைந்தவர்களும் வாட்டம் பிடித்தவர்களும் நம்மிலேயே இருக்கிறார்கள். பிறகு ஏன் நம் பெண்கள் விடியற்காலையில் குடத்தோடு ஊற்றுநீர் விழும் பீலியில் வரிசை நிற்கிறார்கள்? கொழும்புக்கு ஒளியேற்றுகிற தண்ணீர், அது பிறக்கிற மலையில் நாம் குடியிருக்கும் லயத்துக்கு ஏன் சுத்தமாக வந்து சேர மாட்டேன் என்கிறது? மழைக்காலத்தில் கலங்கலும், வறட்சியில் வெறும் குழாயும் ஏன் நம் பங்காகின? இதைக் கேட்க வேண்டியவர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்பது நம் உரிமை.

அதே மூச்சில் நம்மையும் பார்த்துக் கேட்கிறேன். லயத்துக்கு மேலே இருக்கும் ஊற்றுக்கண்ணைக் கடைசியாக எப்போது போய்ப் பார்த்தோம்? அதைச் சுற்றியிருந்த மரங்கள் எங்கே? ஊற்றின் விளிம்புவரை மரக்கறிப் பாத்தி போட்டது யார்? பாத்திக்குத் தெளித்த மருந்து மழையில் கரைந்து எங்கே வருகிறது? பிளாஸ்டிக் போத்தலும் ஷொப்பிங் பேக்கும் பீலிக்கரையில் எப்படி வந்தன? அந்த அளவுக்கு ஊற்று நம் கண்ணில் படாமல் போய்விட்டது என்பதே என் கவலை.

பீலி நமக்கு வெறும் குளிக்குமிடமா? மலையில் வேலை முடித்து வந்த களைப்பு அங்கேதான் இறங்குகிறது. பிள்ளைகள் அங்கேதான் கூடிக் கூத்தடிக்கிறார்கள். கல்யாணப் பேச்சும் சண்டையும் சமாதானமும் அங்கேதான். தீவொலியில் செல்வர்கள் உலாவிய நடைபாதையில் எந்த உயிர்ப்பு இருந்ததோ, அதைவிடக் கூடுதலான உயிர்ப்பு நம் பீலிக்கரையில் இருக்கிறது. அதற்கு நல்ல கல் பதித்து, வழுக்காத படி வைத்து, பெண்களுக்கு மறைப்புக் கட்டி, பக்கத்தில் பூச்செடி நட்டால் என்ன குறைந்துவிடும்? துரை பங்களாவின் முற்றத்தில் ரோஜாவும் டேலியாவும் வளர்த்துக் கொடுத்த கைகள் நம்முடையவைதானே! அந்தக் கைகளுக்குத் தங்கள் லயத்து முற்றத்தை அழகாக்கத் தெரியாதா?

அழகு பெரிய மனிதர்களுக்கு உரியது என்ற எண்ணத்தை நம் தலைக்குள் யாரோ போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைக் கழற்றி எறியுங்கள்.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். அடுத்த பெருமழை இறங்கும் முன்னே, ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். கான் வெட்டத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு மேலே ஏறுங்கள். ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடியுங்கள். குப்பையை அள்ளுங்கள். சுற்றிவர வேலி அடைத்து, இந்த மண்ணுக்குரிய மரங்களை நடுங்கள். தண்ணீர் எந்த வழியாக இறங்கி உங்கள் பீலிக்கு வருகிறது என்று ஒரு வரைபடம் போடுங்கள். அந்தப் பெரியவரின் பெயரை வரைபடத்தின் மேலே எழுதுங்கள். அவர் சொல்லும் கணக்கைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். அவர் போனால் அந்தக் கணக்கும் போய்விடும்.

ஆசிரியர்களே, பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகும்போது சிகிரியாவுக்கு மார்கழி, தை மாதங்களில் கூட்டிப் போங்கள். வடகீழ்ப் பருவமழை பெய்திருக்கும். பாறையில் ஏறுவதற்கு முன்னால் அந்தச் சுண்ணாம்புப் பலகைக்குப் பக்கத்தில் அவர்களை உட்கார வையுங்கள். தண்ணீர் எழுவதை அவர்களே பார்க்கட்டும். அதன் பிறகு, அந்த வழிக்கு வாட்டம் பிடித்தது யாராக இருக்கும் என்று கேளுங்கள்.